கூற்றும் கேட்போரும்: நவீனத்துவக் கவிதையின் பதகளிப்புப் பற்றிய ஒரு நோக்கு

நவீனத்துவக் கவிதை தன் காலத்தின் பதகளிப்பைப் பிரதிபலிக்கின்றது என்ற கருத்து இன்று விமர்சன உலகில் ஏறத்தாழ ஒரு வாய்பாடாகிவிட்டது. முதலாம் உலக யுத்தம் ஐரோப்பிய நாகரிகத்தின்மீது இருந்த நம்பிக்கையைத் தகர்த்தது. நம்பிக்கை தகர்ந்தமையாற் கவிதையின் வடிவமும் தகர்ந்தது. அத்தகர்வின் உச்ச வெளிப்பாடு ரி. எஸ். எலியற்றின் 'பாழ் நிலம்' (1922). அவ்வாய்பாடு இவ்வாறு அமையும். பரீட்சை விடைத்தாள்களில் இது ஆண்டுதோறும் மாற்றமின்றி எழுதப்பட்டு வருவதும் ஆசிரியர்கள் அறிந்ததே. இதிற் பொய் என்று ஒதுக்கத்தக்கது எதுவுமில்லை. எனினும், ஒரு சிறு வினாவுக்கு இவ்வாய்பாட்டினால் விடை கூற முடிவதில்லை. யுத்தத்தை நேரிற் கண்ட கவிஞர்கள் பெரும்பாலும் வடிவத்தைத் தகர்க்கவில்லை. தகர்த்தவரோ யுத்தகளத்தைக் கண்ணாலும் கண்டிராதவர். இதற்குக் காரணம் யாது?

வில்பிறட் ஓவன் பிரான்சின் போர்முனையிற் போரிட்டு, எறிகணைகளின் அதிர்ச்சியால் உளம் பாதிக்கப்பட்டு, 1917இல் ஸ்கொத்லாந்தின் கிரெய்க்லொக்காட் மருத்துவமனையிற் சிகிச்சை பெற்றவர். அங்கேயே அவர் சிக்பிறீட் சசூனைச் சந்தித்தார். மீண்டும் போர்முனைக்குச் சென்ற அவர் 1918 நவம்பர் 4ஆந் திகதி, போர்நிறுத்தத்துக்கு ஒரு வாரம் முன்னதாக, தமது இருபத்தைந்தாவது வயதிற் கொல்லப்பட்டார். மரணச் செய்தி தாங்கிய தந்தி பெற்றோரை அடைந்தது நவம்பர் 11ஆந் திகதி. சமாதானம் வந்த அதே நாள். சொம் நதிக்கரையில் 1916 யூலை முதலாந் திகதி ஒரு பகலுக்குள் ஏறத்தாழ 19,000 பிரித்தானியப் படையினர் மாண்ட யுத்தம் அது. அத்தகைய அழிவின் நடுவில் எழுந்த ஓவனின் கவிதைகளோ சீர், அடி, பாவமைப்பு என்பவற்றைக் கைவிடாதவை. அவர் செய்த வடிவப் புதுமை இயைபிலேயே தங்கியுள்ளது. மெய்யொலிகள் ஒத்து நிற்க, இடைநின்ற உயிரொலி மாத்திரம் மாறும் ஒருவகை இயைபை அவர் விரிவாகக் கையாண்டார். தமிழிற் 'கல்', 'கால்' என்பனவற்றை அடியிறுதிகளில் நிறுத்துவது போன்றது அது. கூடிவரும் என்று செவி எதிர்பார்த்த ஒலி கூடாமற் சற்றே தவறி விழுகின்றது. காலத்தின் பதகளிப்பு அங்கு ஒலியின் நுண்மையில் உள்ளது. ஆயின் கவிதையைச் சொல்பவர் யார் என்பதில் மயக்கம் எதுவும் இல்லை. தன் படையினருக்காகப் பேசும் ஒருவன், யுத்தத்தின் உண்மையை அறியாது வீட்டிலிருப்போரை நோக்கிப் பேசுகின்றான்.

(யேற்ஸ் 1936இல் தொகுத்த நவீன கவிதைத் திரட்டில் ஓவனுக்கு இடமளிக்கவில்லை. செயலற்றுத் துன்புறுதல் கவிதைக்கு உரிய பொருளன்று என்பது அவர் கூறிய காரணம். பெருங்கவிஞர்கள் மோசமான விமர்சகர்களாகவும் இருக்கக்கூடும் என்பதற்கு வேறு சான்று தேடவேண்டியதில்லை.)

எலியற்றுக்கு யுத்தம் வேறு வழியால் வந்தது. அமெரிக்கா யுத்தத்தில் இறங்கிய பின்னர் 1918இல் அவர் கடற்படையிற் சேர முயன்றும் அது கைகூடவில்லை. பாரிசில் அவருடன் பழகிய நண்பர் ஜோன் வெர்டெனால் 1915இற் கலிப்பொலிப் போர்முனையில் மாண்டார். 1917இல் வெளிவந்த எலியற்றின் முதற்றொகுதி அந்நண்பருக்கே காணிக்கையாக்கப்பட்டது. அதே 1917இல் அவர் இலண்டனில் லொயிட்ஸ் வங்கியின் குடியேற்ற நாட்டு, வெளிநாட்டுப் பிரிவில் ஊழியராகச் சேர்ந்தார். 1925 வரை அங்கேயே பணியாற்றினார். யுத்தம் முடிந்தபின் அவர் மேசைக்கு வந்த வேலை, வங்கிக்கும் ஜேர்மானியருக்கும் இடையே யுத்தத்துக்கு முன்னர் ஏற்பட்டிருந்த கடன்களைத் தீர்த்தல். வேர்சாய் உடன்படிக்கையின் சிக்கலான விதிகளை நாள்தோறும் கணக்கேடுகளில் எதிர்கொண்டவர் அவர். தனிப்பட்ட கடிதமொன்றில் அதனை ஒரு பயங்கர ஆவணமாகவே குறிப்பிட்டார். ஓவன் பிணங்களைக் கண்டார். எலியற் கடன்களைக் கண்டார். பிணங்களுக்குப் பெயர் உண்டு, உறவு உண்டு. ஐந்து நாடுகளின் நாணயப் பெறுமதிகளிற் சிதறிக் கிடக்கும் கடனுக்கு முகம் இல்லை. 'பாழ் நில'த்தில் வரும் ஸ்மேர்னா நகரத்து வணிகன், சரக்கு ஆவணங்களோடு திரிபவன், இந்த மேசையிலிருந்து எழுந்தவன் எனக் கொள்வது தவறாகாது. அக்கவிதை 1922 ஒக்ரோபரில் அச்சேறியபோது, 1919இற் கிரேக்கப் படை புகுந்த ஸ்மேர்னா எரிந்து ஒரு மாதமே ஆகியிருந்தது.

இனி, தமிழ்ச் செய்யுளியலின் கருவியொன்றை இங்கு பயன்படுத்திப் பார்க்கலாம். தொல்காப்பியர் செய்யுளுக்குரிய முப்பத்து நான்கு உறுப்புகளுள் மாத்திரை, அசை, சீர் ஆகியவற்றோடு கூற்று, கேட்போர், களன் என்பவற்றையும் சேர்த்து எண்ணுகின்றார். யார் சொல்கின்றார், யாருக்குச் சொல்கின்றார், எவ்விடத்திற் சொல்கின்றார் என்பன செய்யுளுக்குப் புறம்பான செய்திகள் அன்று. ஓசையைப் போலவே அவையும் செய்யுளின் உறுப்புகள். தலைவி கூற்றா, தோழி கூற்றா என்பது தெரியாவிடின் அகப்பாட்டொன்றின் பொருளே மாறிவிடும். பாட்டின் கீழ்வரும் துறைக்குறிப்பு ஓர் அலங்காரம் அன்று என்பது இதனாலேயே.

இக்கருவியோடு 'பாழ் நில'த்தை அணுகின், அங்கு தகர்ந்திருப்பது யாப்பினும் முதன்மையாகக் கூற்றும் கேட்போருமே என்பது புலனாகும். நானூற்று முப்பது வரிகளுக்குச் சற்று மேற்பட்ட அக்கவிதையில் மரபான ஓசையமைப்புடைய பகுதிகள் பல உள. ஆனால் தொடக்கப் பகுதியிலேயே, வசந்தத்தின் வருகையை வேதனையாகக் கூறும் ஒரு பொதுக்குரல், இடைவெளி எதுவுமின்றிப் பனிச்சறுக்கு விளையாடிய இளமையை நினைவுகூரும் பிரபுகுலப் பெண்ணின் குரலாகின்றது. அது முடியுமுன் ஒரு தீர்க்கதரிசியின் குரல் குறுக்கிடுகின்றது. எவரும் அறிமுகம் செய்யப்படுவதில்லை. இலண்டன் பாலத்தின்மீது காலை ஒன்பது மணிக்கு அலுவலகம் செல்லும் கூட்டத்தைத் தாந்தேயின் நரகத்திற் செல்லும் இறந்தோராகக் காணும் பகுதியில் ஒருவன் இன்னொருவனை அழைத்துப் பேசுகின்றான், விடை வருவதில்லை. மத்தியதர வீடொன்றினுள் மனைவி போன்ற ஒருத்தி இடைவிடாது வினவுகின்றாள். ஆணின் விடைகள் வாய்விட்டுச் சொல்லப்பட்டனவா, மனத்துள் எழுந்தனவா என்பதே தெரியவில்லை. மதுச்சாலைக் காட்சியில், நான்காண்டு படையிலிருந்து திரும்பும் கணவன், பற்கள், கருக்கலைப்பு என்று ஒரு பெண் தன் தோழியின் கதையைப் பேசிக்கொண்டே போக, கடையை மூடும் நேரமாயிற்று என்று மதுச்சாலைக்காரன் திரும்பத் திரும்பக் குறுக்கிடுகின்றான். மதுச்சாலை நேரங்கள் யுத்தகாலச் சட்டங்களாற் கடுமையாக்கப்பட்டு, 1921ஆம் ஆண்டுச் சட்டத்தினாலும் கட்டுப்படுத்தப்பட்டவை என்பதை எண்ணின், அந்த அழைப்பினூடே அரசும் யுத்தமும் பேசுகின்றன எனலாம். யுத்தம் இக்கவிதையுள் நுழைந்திருக்கும் விதம் இதுவே.

கவிதைக்கு முதலில் இடப்பட்டிருந்த தலைப்பும் இதையே காட்டுகின்றது. டிக்கன்சின் நாவலொன்றில், செய்திப்பத்திரிகையைப் பலரின் குரலிற் படித்துக் காட்டும் ஓர் அநாதைச் சிறுவனைப் பற்றிய தொடர் அது. பத்திரிகையே நகரத்தின் குரலாகிவிட்ட காலத்திற் கவிஞன் அதனை வேறுவேறு குரல்களிற் படித்துக் காட்டுபவனாகின்றான்.

நீண்ட காலம் தொலைந்ததாகக் கருதப்பட்ட கையெழுத்துப் படிகள் 1968இல் நியூயோர்க் பொது நூலகத்தில் இருப்பது வெளிப்படுத்தப்பட்டு, 1971இல் நூலாகவும் வந்தன. எஸ்ரா பவுண்ட் அக்கவிதையை ஏறத்தாழ அரைவாசியாக வெட்டிச் சுருக்கினார் என்பது அவற்றாற் தெளிவாயிற்று. வடிவச் சிதைவைச் சமூகச் சிதைவின் நேரடிப் பிம்பமாகக் காண்போர் இங்கு சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். அச்சிதைவிற் பெரும்பகுதி இன்னொருவரின் பென்சிலால் நிகழ்ந்தது. ஆயினும் பவுண்ட் எவற்றை வெட்டினார் என்பதை நோக்கினாற் பொருள் ஆழமாகின்றது. மூன்றாம் பகுதியின் தொடக்கத்தில் அலெக்சாந்தர் போப்பின் பாணியில் அமைந்த நீண்ட அங்கதப் பகுதி நீக்கப்பட்டது. நான்காம் பகுதியிற் கப்பற் பயணமொன்றையும் அதன் அழிவையும் விவரித்த நீண்ட கதைகூறல் நீக்கப்பட்டுப் பத்து வரிகளே எஞ்சின. போப்பின் பாணியிற் பேசுபவர் தமது சமூகத்தைத் தெளிவான உயரத்திலிருந்து நோக்கிச் சிரிக்கும் ஒருவர். கப்பற் கதை சொல்பவர் தொடக்கமும் முடிவும் அறிந்த ஒருவர். நிலையான கூற்றுக்கு உரியவர் என்று கவிதையில் எஞ்சியிருந்த இவ்விருவரையுமே பவுண்டின் பென்சில் வெளியேற்றியது. அவர் சமூகவியல் நோக்கில் இதனைச் செய்யவில்லை. மோசமான வரிகளை வெட்டினார். காலத்துக்கு ஒவ்வாத குரல் மோசமான வரியாகவே செவிக்குப் படும் போலும்.

1922 முடிவில் நியூயோர்க்கிற் கவிதை நூலாக வந்தபோது எலியற் அதற்குக் குறிப்புகள் சேர்த்தார். நூலின் பக்கங்கள் போதாமையால் அவை விரிந்தன என்பதை அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். தாந்தே, பைபிள், பௌத்தப் பிரசங்கம் என்று எந்த நூலிலிருந்து எது வந்தது என்பதை அவை பெரும்பாலும் கூறுகின்றன. யார் யாருக்குக் கூறியது என்பதைக் கூறுவதில்லை. ஓரிடத்தில் மட்டும், ரைறீசியஸ் என்ற குருட்டுத் தீர்க்கதரிசியே கவிதையின் எல்லாப் பாத்திரங்களையும் தன்னுள் இணைக்கின்றான் என்று ஒரு குறிப்பு வருகின்றது. நம் அகப்பாட்டுகளின் துறைக்குறிப்பை ஒத்த ஒன்று அது. காலங்கடந்து, கவிதைக்கு வெளியே, சிறிய எழுத்தில் எழுதப்பட்டது. கவிதையைப் படிக்கும் எவரும் அதனை முழுமையாக நம்புவதில்லை.

இத்தகைய கவிதையைத் தனிமனிதப் பிரச்சினை என்று ஒதுக்குவாரும் உளர். அதற்கு ஆதாரமும் உண்டு. 1921 இலையுதிர் காலத்தில் எலியற் உளநலம் குன்றி, வங்கியில் மூன்று மாத விடுமுறை பெற்று, முதலில் மார்கேற் கடற்கரையிலும் பின்னர் சுவிற்சலாந்தின் லோசானிலும் தங்கியிருந்தே கவிதையின் பெரும்பகுதியை முடித்தார். மணவாழ்க்கை துன்பமாக இருந்தது. தாம் ஒரு தலைமுறையின் நம்பிக்கையிழப்பைப் பாடியதாக விமர்சகர்கள் கூறுவதை அவர் 1931இல் வெளிப்படையாகவே மறுத்தார். எமிலி ஹேலுக்கு அவர் எழுதிய கடிதங்கள் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில் 2020இல் திறக்கப்பட்டமை இத்தனிவாழ்க்கை நோக்குக்கு மேலும் வலுவூட்டியுள்ளது. எதிர்ப்புறத்தில், நவீனத்துவம் ஒரு குறித்த சமூகக் கட்டத்தின் பதகளிப்பை மனித இருப்பின் என்றுமுள்ள நியதியாக்கிவிடுகின்றது என்று ஜோர்ஜ் லூக்காச் 1950களிற் குற்றஞ்சாட்டினார். கவிதையின் சமூக உள்ளடக்கம் அது கூறும் பொருளிலன்றி வடிவத்திலேயே படிந்திருக்கின்றது என்று தியோடர் அடோர்னோ வாதித்தார். கூற்றையும் கேட்போரையும் மையமாகக் கொண்டு நோக்கின் அடோர்னோவின் பக்கமே உண்மை மிகுதியும் உள்ளது. தன் மணவாழ்க்கையைப் பற்றிப் புலம்பும் கவிஞன் எக்காலத்தும் உண்டு. அப்புலம்பலை யாரிடம் சொல்வது என்பது தெரியாத நிலைமை எக்காலத்தும் உண்டாவதன்று.

லூக்காச்சின் குற்றச்சாட்டு முற்றாகப் புறக்கணிக்கத்தக்கதும் அன்று. தட்டெழுத்தாளர் பெண்ணின் காட்சியை எடுத்துக்கொள்ளலாம். அறையில் உலரும் உள்ளாடைகள், தகரப்பேணி உணவு, வீட்டுத்தரகர் நிறுவனத்தின் இலிகிதன் ஒருவனுடன் பற்றற்ற உடலுறவு, பின் கிராமபோன் இசை. யுத்தகாலத்திற் பெருந்தொகையான பெண்கள் அலுவலகத் தொழிலுக்கு வந்தனர் என்பது வரலாறு. அவ்வாறு தனித்து உழைத்து வாழும் பெண்ணைக் கவிதை மேலிருந்து அருவருப்புடன் நோக்குகின்றது. அவளுக்கென விடப்பட்டிருப்பது அரைகுறையான ஒரே ஓர் எண்ணம். இதனை நோக்குபவன் ரைறீசியஸ் என்று சமாதானம் கூறலாம். ஆயின் வங்கி இலிகிதராகிய கவிஞர் தம்மை ஒத்த இன்னோர் இலிகிதன்மீது காட்டும் இளக்காரம் ரைறீசியசுக்கு உரியதன்று. கூட்டத்தினுள் தானும் ஒருவனாகிவிடுவோமோ என்ற மத்தியதர வர்க்க அச்சம் அங்கு பேசுகின்றது. கவிதையின் மிகப் பலவீனமான இடம் இது என்றே கொள்ளுதல் வேண்டும்.

இதற்கு மாறாக, இறுதிப்பகுதி வியக்கத்தக்கது. ஹாவார்டில் வடமொழியும் பாளியும் கற்ற எலியற் அங்கு பிருகதாரணியக உபநிடதத்தின் இடிமுழக்கக் கதையைக் கொணர்கின்றார். உபநிடதத்திற் பிரஜாபதி தேவர், மனிதர், அசுரர் ஆகிய மூவகையினருக்கும் ஒரே அசையையே உபதேசிக்கின்றார். அடக்கு என்று தேவர் கேட்கின்றனர். கொடு என்று மனிதர் கேட்கின்றனர். இரங்கு என்று அசுரர் கேட்கின்றனர். விளங்கிற்றா என்று பிரஜாபதி ஒவ்வொரு முறையும் வினவி, விளங்கிற்று என உறுதிப்படுத்துகின்றார். கேட்போரின் இயல்புக்கேற்பப் பொருள் பிறக்கின்றது என்பதே அக்கதையின் உயிர்நாடி. எலியற் மூன்று சொற்களின் வரிசையை மாற்றிக் கொடு, இரங்கு, அடக்கு என அமைத்தார். இதைப் பலரும் சுட்டியுள்ளனர். அதனினும் முக்கியமானது, அவர் கேட்போரை நீக்கிவிட்டமை. தேவரும் இல்லை, அசுரரும் இல்லை; விளங்கிற்றா என்ற வினாவும் இல்லை. இடி முழங்குகின்றது, யார் என்று தெரியாத ஒருவர் ஒவ்வொரு சொல்லுக்கும் தயங்கித் தயங்கி விடையளிக்கின்றார். பின்னர் அவர் 1927இல் ஆங்கிலிக்கத் திருச்சபையிற் சேர்ந்ததும், மறு ஆண்டில் இலக்கியத்திற் செம்மைவாதி, அரசியலில் முடியாட்சியாளர், சமயத்தில் ஆங்கிலோ-கத்தோலிக்கர் எனத் தம்மைப் பிரகடனப்படுத்தியதும் இழந்த கேட்போரை வேறிடத்திற் தேடிக்கொண்ட முயற்சிகளே. அதன் பின்வந்த கவிதைகளிற் குரல் ஒருமைப்படுகின்றது.

தமிழ்ச் சூழலில் இவ்விடயம் தனிக் கட்டுரைக்கு உரியது. ஒரு குறிப்பு மட்டும் இங்கு போதும். சி. சு. செல்லப்பாவின் 'எழுத்து' (1959) வளர்த்த புதுக்கவிதையை, மேலைப் பதகளிப்பின் இரவற் சரக்காக ஈழத்து முற்போக்கு விமர்சகர் பலர் ஐயுற்றனர். ஐயம் சில கவிதைகளைப் பொறுத்துப் பொருத்தமானதே. பதகளிப்பு இங்கு வேறு உருவில் வந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது எம். ஏ. நுஃமான் எழுதிய 'புத்தரின் படுகொலை'யும், 1985இல் வெளிவந்த 'மரணத்துள் வாழ்வோம்' தொகுதியின் கவிதைகளிற் பலவும் யாருக்குச் சொல்கின்றோம் என்பதில் ஐயமில்லாத குரலில் அமைந்தவை. யாப்பை அவை பெரும்பாலும் விட்டன, கேட்போரை விடவில்லை.

கொடுமை மிகுந்தால் வடிவம் சிதையும் என்ற வாய்பாட்டுக்கு மிகப் பெரிய மறுப்பு அன்னா அக்மதோவாவிடம் உள்ளது. அவருடைய முன்னாட் கணவரான கவிஞர் குமிலியோவ் 1921இற் சுட்டுக் கொல்லப்பட்டார். நண்பர் மண்டெல்ஸ்ராம் 1938இல் விளாடிவொஸ்ரொக் அருகே கைதிகள் முகாமில் மாண்டார். மகன் லெவ் 1935இலும் 1938இலும் கைதானான். 1925 முதல் 1940 வரை அவருடைய புதிய நூலெதுவும் வெளிவர இடமளிக்கப்படவில்லை. லெனின்கிராட் சிறைவாயில்களிற் பதினேழு மாதங்கள் வரிசையில் நின்றதைப் பற்றி அவர் முன்னுரையிற் கூறுகின்றார்: குளிரில் உதடு நீலித்த ஒருத்தி, இதனை எழுத உம்மால் முடியுமா என்று காதோடு கேட்கின்றாள், முடியும் என்று கவிஞர் விடையளிக்கின்றார். கேட்பவளே கவிதையைக் கோரினாள். பெரும்பாலும் 1935க்கும் 1940க்கும் இடையில் உருவான அந்த 'இரங்கற்பா' கடதாசித் துண்டுகளில் எழுதப்பட்டு, லிடியா சுக்கோவ்ஸ்கயா போன்ற நண்பர்களால் மனனஞ் செய்யப்பட்டபின் எரிக்கப்பட்டது. 1963இல் மியூனிக்கிலும் 1987இலேயே சோவியத் நாட்டிலும் அச்சேறியது. பல ஓசைகளைக் கையாளினும் அது மயக்கமற்ற எளிய கூற்றுடையது. வேறு வழியுமில்லை, நினைவில் நிற்காதது அழிந்துவிடும்.

அதே அக்மதோவா 1940இல் 'நாயகன் இல்லாத காவியம்' என்ற இன்னொரு நெடும்பாட்டைத் தொடங்கி இருபதாண்டுகளுக்கு மேலாகத் திருத்தி வந்தார். 1913ஆம் ஆண்டுப் பீற்றர்ஸ்பேர்க்கின் நிழல்கள் முகமூடியணிந்து வரும் அக்கவிதையில் யார் பேசுகின்றார் என்பது அடிக்கடி மயங்குகின்றது. மேற்கோள்களும் மறைகுறிப்புகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. 'பாழ் நில'த்துக்கு இதனினும் நெருங்கிய உறவுடைய ருஷ்யக் கவிதை காண்பது அரிது. ஒரே கவிஞர், ஒரே கொடுங்காலம், இரு வேறு வடிவங்கள். சிறைவாயிலிற் கேட்போர் அருகே நின்றனர்; 1913இன் நண்பர்களோ மாண்டும் நாடு கடந்தும் சிதறியிருந்தனர். விளங்கவில்லை என்று முறையிட்டோருக்கு விளக்கம் எழுத அவர் மறுத்தார்.  1943இல் தாஷ்கெந்தில் இருந்தபோது முன்னுரையொன்றைச் சேர்த்தார். அம்முன்னுரை அக்கவிதையை அதனை முதன்முதலிற் கேட்டோருக்கு, லெனின்கிராட் முற்றுகையில் மாண்டுபோன நண்பர்களுக்கும் நகரத்தவருக்கும், காணிக்கையாக்குகின்றது.